மறுமுடி

நாற்றின் நடுக்குருத்து தட்டையாக இல்லை. உருண்டையாக இருந்தது.

பிரகதாம்பாள் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் அறிந்துவிட்டாள். ஐப்பசி மழை அன்று ஒரு பகல் மட்டும் விட்டிருந்தது. பாமணியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நிறைய மஞ்சளாக ஓடிக்கொண்டிருக்க, அழுகிய வைக்கோலின் வாடையும், தவளைகளின் இரைச்சலும், கடைத்தெருவில் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும் ஒலிபெருக்கியின் கரகரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேகத்துக்குக் கீழே போக வழியில்லாமல் நின்றன. நாற்றங்கால் வரப்பில் குந்தி, நாற்றின் தலையைத் தடவிக்கொண்டே நகர்ந்தவளின் கையில் அந்த ஒன்று மட்டும் வழவழவென்று குழல்போலத் தட்டுப்பட்டது. பிடுங்கினாள். வெங்காயத் தாள் மாதிரி இருந்தது. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. தேய்க்காமல் போட்ட வெள்ளிக் கிண்ணத்தின் நிறம். நகத்தால் கீறிப் பார்த்தாள். அடியில், மிளகாய் விதைகூட இருக்காது, அவ்வளவு சின்னதாகச் சிவப்புப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டதும் அது நெளியும் என்று எதிர்பார்த்தாள். அது நெளியவில்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

ஆனைக்கொம்பன். அந்தப் பக்கத்தில் நெல் போடுகிற யாருக்கும் அந்தப் பெயர் தெரியும். அது புகுந்த தூரில் கதிர் வராது. இந்தக் குழல்தான் வரும்.

அடுத்த நாற்றைப் பிடுங்கினாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

நல்லவேளை, அவளுக்குக் குளத்துப் பக்கம் இன்னொரு நாற்றங்கால் இருந்தது. அது சுத்தமாக இருந்ததைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தாள். ஆற்றுப் பக்கத்து இந்த நாற்றை மிதித்து அழித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷன் ரெங்கசாமியிடம் சொல்லிவிடலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வாய்க்கால் கரையில் தங்கமணி வந்தாள்.

தங்கமணி அவளுடைய ஓர்ப்படி; கொழுந்தன் வைரக்கண்ணுவின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அரசாங்கம் நிலத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தபோது நிலம் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் நடந்ததுதான் இந்த வீட்டிலும் நடந்தது. ஒரு பெயரில் இருந்த நிலம் பல பெயர்களுக்குப் பிரிந்தது. பிரகதாம்பாள் பெயரில் அவளுடைய அப்பா எழுதிவைத்த குளத்துச் செய் ஏற்கெனவே இருந்ததால், தலைமடைச் செய் தங்கமணி பெயருக்குப் போயிற்று. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் வயல் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் வரப்பில் எந்த இடத்தில் நண்டு வளை போடும் என்பதுகூடப் பிரகதாம்பாளுக்குத் தெரியும்.

"எழுத்துலதான் அண்ணி. மத்தபடி உங்களுதுதான்" என்றான் வைரக்கண்ணு.

எழுத்தில் ஏறியது கொஞ்சம் கொஞ்சமாக ஊரின் வாயிலும் ஏறியது. ஆட்கள் அதைச் சின்னம்மா செய் என்றார்கள். கூலி கூடுதலாகக் கேட்டு நடவுப் பெண்கள் செங்கொடியோடு தெருவில் உட்கார்ந்தபோது பிரகதாம்பாள் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கமணி வெளியே போய், கேட்ட நெல்லை ஒத்துக்கொண்டு, வெயிலுக்கு மோரும் கொடுத்தாள். அன்றிலிருந்து முதல் நடவு தலைமடைக்குத்தான். குலவையும் பாட்டும் அங்கேதான். பெண்கள் பிரகதாம்பாளின் குளத்துச் செய்க்கு வந்து இறங்கும்போது எல்லாருக்கும் தொண்டை கட்டிப் போயிருக்கும்.

"அக்கா, என் நாத்தங்கால் போயிடிச்சு" என்றாள் தங்கமணி, மூச்சு வாங்க. "மடை ஒடைஞ்சு தண்ணி நின்னுருக்கு. கையில எடுத்தா கொழகொழங்குது. எல்லையம்மா ஆளுங்க நாளைக்கே நடவுக்கு வர்றாங்க. உங்ககிட்ட நாத்து மிச்சம் இருக்குமாக்கா?"

அந்த ஊரில் கேட்ட நாற்றை இல்லை என்று சொல்லக்கூடாது. விலையும் பேசக்கூடாது. வாங்கினவள் நடவு முடிந்ததும், அந்த நாற்றிலேயே ஒரு முடியை, ஒரு கைக்கட்டை, மிச்சம் வைத்து எடுத்துவந்து, கொடுத்தவள் வீட்டுக் கொல்லையில் தன் கையாலேயே நட்டுவிட்டுப் போவாள். அதற்கு மறுமுடி என்று பெயர். கொடுத்த வீடு வெறுமையாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது. ஒரே வீடானாலும் நிலம் ரெண்டு பெயரில் என்றால் முறையும் ரெண்டு பேருக்கும் உண்டு.

பிரகதாம்பாள் கையிலிருந்த குழலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நசுக்கினாள்.

"இதையே எடுத்துக்க" என்றாள். "ஆத்துப் பக்கத்து நாத்து. நல்லா ஊக்கமா இருக்கு."

வாசிக்கிற உங்களில் யாருக்கும் இப்படியொரு நினைப்பு ஒருபோதும் வந்ததில்லை என்று நான் சொல்லமாட்டேன், கண்ணுகளா. வந்திருந்தாலும் பாதகமில்லை. வந்த வழியே அதைப் போகவிட்டிருப்பீர்கள். அவள் உட்காரவைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலைமடையில் முதல் முடியை, நாற்றுக் கொடுத்தவள் என்ற முறையில், பிரகதாம்பாள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். கொடுத்தாள். சேறும் தண்ணீரும் வேரிலிருந்து முழங்கை வரை வழிந்தன. நடவுக் கூட்டத்துக்குத் தலைவி எல்லையம்மாள் முடியை வாங்கிக்கொண்டு, வெற்றிலைச் சாற்றை வரப்புக்கு அந்தப் பக்கம் துப்பினாள்.

"பெரியம்மா கை தாராளமாத்தான் இருக்கு இன்னிக்கி. அடியேய், கொடைய எடுத்து வைங்கடி, மழை கொட்டப் போவுது."

பெண்கள் சிரித்தார்கள். தங்கமணியும் சிரித்தாள். அப்போது பிரகதாம்பாளின் இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில், வளையலுக்குக் கீழே, சுருக்கென்றது. கொசு மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. வயிறு மட்டும் சிவப்பு. தட்டுவதற்குள் போய்விட்டது.

சாயங்காலம் தங்கமணி மறுமுடியோடு கொல்லைக்கு வந்தாள். பாத்திரம் விளக்கும் தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில், சேற்றைக் காலால் மிதித்து இளக்கி, குனிந்து, ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நட்டாள். அவள் குனிந்தபோது கொண்டைக்குக் கீழே பிடரி வேர்வையில் மின்னியது. பிரகதாம்பாள் அடுப்படி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு காத்திருந்தாள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து, வெயில் தாழ்ந்ததும் தலைமடை வரப்பில் போய் நிற்பாள். பயிர் பச்சை பிடித்தது. தூர் கட்டியது. காற்று வரும்போது பட்டுச்சேலை மடிக்கிற சத்தம் எழுந்தது. அவள் கண் குழலைத் தேடியது. ஒன்று. ஒன்றே ஒன்று போதும். வெள்ளி நிறத்தில் ஒன்று தலை நீட்டினால் வயிற்றில் ஏதோ குளிரும் என்று இருந்தது. ஒன்றுகூட இல்லை. அவள் பிடுங்கிப் பார்த்த ஒவ்வொரு நாற்றிலும் புழு இருந்தது; அது அவளுக்கு நிச்சயம். அந்த நாற்றுத்தான் இது. அதுவும் நிச்சயம். ஆனால் சுத்தமாக நின்றது பயிர், குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி.

வீட்டுக்குத் திரும்பிக் கொல்லைக் கதவைத் திறந்தால், மறுமுடியில் ஒரு இலைகூடத் தட்டையாக இல்லை. அத்தனையும் குழல். சோகையாக, மினுமினுவென்று, விரல்களை விரித்தாற்போல நின்றன. அவள் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு முடியில் திரும்பி வந்திருந்தது. மறுமுடியைப் பிடுங்கக்கூடாது. குனிந்து கையை நீட்டுவாள், யாராவது பார்ப்பார்களோ என்று நிமிர்ந்துகொள்வாள்.

கார்த்திகையில் புங்கமரம் ஆரம்பித்தது. இலையின் மேல் ஊசி ஊசியாகப் பச்சை விரல்கள் எழுந்து நின்றன, நகம் இல்லாத விரல்கள். அப்புறம் மாமரத்து இலைகளில் மருமருவாகப் பொரிந்தது. வேலியில் படர்ந்த கோவைக்கொடி அங்கங்கே வீங்கி, விரல் முட்டி மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டது. நாவல் இலை ஓரங்கள் சுருண்டு தடித்து, மூடிய இமைகள் மாதிரி ஆயின. ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எல்லாம் அவள் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து பார்வை போகும் தூரத்துக்குள். ஜன்னலில் நின்று தங்கமணியைப் பார்த்த பார்வை வழியில் எதில் எதில் பட்டதோ, அதிலெல்லாம்.

வட்டார ஆபீஸிலிருந்து, பயிருக்கு யோசனை சொல்லும் கிராம சேவக் காதர் மைதீன் சைக்கிளில் வந்தார். தலைமடைப் பயிரைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, கொல்லைக்கு வந்து காபி குடித்தார்.

"என்னம்மா, எக்ஸிபிஷன் வச்சிருக்கீங்க" என்றார், புங்க இலையைத் திருப்பிப் பார்த்து. "இது கண்ணுக்கே தெரியாத பேன் மாதிரி ஒண்ணு. மாமரத்துல இருக்கறது ஒரு ஈ. கோவையில வேற ஈ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு செடி, ஒரு வீடு. ஒருத்தன் வீட்டை இன்னொருத்தன் கட்டிக்க மாட்டான். வீட்டைப் பாத்தே ஆளைச் சொல்லிடலாம்."

"வீட்டைக் கட்டுறது அந்தப் புழுவா?"

"அதுக்கு ஏதும்மா கையும் காலும்? அது சும்மா ஒக்காந்திருக்கும். செடிதான் கட்டுது. கதிருக்கு, காய்க்குன்னு வச்சிருந்த சத்தையெல்லாம் எடுத்து, அதைச் சுத்திச் செவுரு வச்சு, உள்ளுக்குள்ள சோறும் வச்சுக் கதவைச் சாத்திடும். தன் புள்ளைன்னே நெனப்பு." காபியை ஆற்றினார். "வளர்ந்ததும் ஒரு ஓட்டை போட்டுக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடும். போறப்ப சட்டையைக் கழட்டி ஓட்டை வாசல்லயே வுட்டுட்டுப் போவும். பாருங்க."

மறுமுடிக் குழல் ஒன்றின் நுனியில் குண்டூசித் துளை. துளையில் செருகினாற்போல வெள்ளையாக ஒரு தோல், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"மனுசாளுக்கு வருமா சேவக்?"

அவர் சிரித்துவிட்டார். "மனுசாளுக்கு எப்படிம்மா வரும்? நட்ட எடத்துலயே நின்னுக்கிட்டு இருக்க, மனுசாள் என்ன செடியா?"

அவள் தலைமடை வரப்பில் தினமும் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது.

மணிக்கட்டில் கடித்த இடம் அதற்குள் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தடித்திருந்தது. வலி இல்லை. அரிப்பும் இல்லை. வளையலை இறக்கி மறைத்துக்கொண்டாள். முதலில் பயந்தாள். பிறகுதான் கவனித்தாள்: தங்கமணி கொண்டையில் பூ வைத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது அது வெதுவெதுப்பாகும். நடவுப் பெண்கள் சின்னம்மா சின்னம்மா என்று வாசலில் நிற்கும்போது, உள்ளுக்குள் மெதுவாகப் புரளும். பால் குடிக்கிற குழந்தை கன்னத்தை அசைப்பது மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவார்கள். அந்த வீட்டில் எழுத்திலும் பேச்சிலும் எல்லாம் யார் யார் பெயருக்கோ போய்விட்டது. இது ஒன்று அவளுடையது.

மார்கழியில் அவளுக்கு நல்ல பசி. ரெங்கசாமி, "ரெண்டு ஆள் சோறு சாப்பிடுற, ஆனா துடைச்சு வச்ச பாத்திரம் மாதிரி இருக்கியே" என்றான். கை காலெல்லாம் இளைக்கவில்லை, உருண்டன. தோல் இழுத்துக் கட்டினாற்போல மினுமினுத்தது. ஒரு சோகை நிறம். தண்ணீர் குடித்தால் அது எங்கோ ஆழத்தில் விழும் சத்தம் அவளுக்கே கேட்டது. கிணற்றில் வாளி படுவது மாதிரி. அம்மிக்கல்லில் முழங்கை இடித்துக்கொண்டபோது, டொக்கென்றது. காலி டப்பா.

அவள் எழுந்து நின்று, அந்தச் சத்தம் அம்மியிலிருந்து வந்தது என்று முடிவு செய்துகொண்டாள்.

தை பிறந்தது. நெல் பழுத்தது. தலைமடைக் கதிர் வரப்பின் மேல் சாய்ந்து, நடப்பவர்களின் முழங்காலைத் தடவியது. நாளைக்கு அறுப்பு என்றிருந்த அந்தச் சாயங்காலம், ஆண்கள் களத்தைச் செதுக்கப் போயிருந்தார்கள். வீட்டில் ரெண்டு பேர்தான். மின்சாரம் போயிருந்தது. பிரகதாம்பாள் கொல்லைக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை என்று இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வெளியே மறுமுடிக் குழல்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசின. மெல்லிய சத்தம். யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது மாதிரி.

தங்கமணி அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, அவள் காலடியில் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் வாடை. அதற்கு மேல் மல்லிகை.

"அக்கா. ஒண்ணு சொல்றேன், வேணாம்னு சொல்லக்கூடாது."

"சொல்லு."

"அறுப்பு முடிஞ்சதும் மன்னார்குடி போயி, தலைமடையை உங்க பேருக்கே எழுதிடறேன். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். அந்த உச்சவரம்பை எப்படிச் சமாளிக்கறதுன்னு ஆம்பளைங்க பாத்துக்கட்டும். எனக்கு அது வேணாம்க்கா. நீங்க அந்த வரப்புல போய் நிக்கறதைத் தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." அவள் பிரகதாம்பாளின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "என்னக்கா கை இப்படி லேசா இருக்கு?"

ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்ததுபோல், அத்தனை நாள் உள்ளே சேர்த்துவைத்ததெல்லாம் இறங்கிப் போயிற்று. வரப்பு. நண்டு வளை. குலவை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அழலாம் என்று இருந்தது. சொல்லிவிடலாம், நாற்றில் புழு இருந்தது, தெரிந்தேதான் கொடுத்தேன் என்று. வாயைத் திறந்தாள்.

மணிக்கட்டில் அது அடங்கியது.

அசையவில்லை. வெதுவெதுப்பு போயிற்று. கல் மாதிரி குளிர்ந்தது. பசியில் அழக்கூடத் தெம்பில்லாத குழந்தையின் குளிர்ச்சி.

இல்லை. வேண்டாம். அதை விடமுடியாது.

தேடினாள். உள்ளுக்குள் எல்லாப் பானையையும் கவிழ்த்துத் தேடினாள். ஏதாவது ஒன்று. ஒரு பிடி. தங்கமணியின் கை. தங்கமணியின் மல்லிகை. இல்லை, போதாது. விளக்கு வெளிச்சத்தில் தங்கமணியின் முகத்தைப் பார்த்தாள். அழுது முடித்தாற்போன்ற முகம். நிம்மதியான முகம். பெரிய மனசு.

கொடுக்கிறவளும் இவள்தான்.

நிலமும் இவளுடையது. அதை எனக்குக் கொடுக்கிற பெருமையும் இவளுடையது. நாளைக்கு ஊர் பேசும். எல்லையம்மாள் பேசுவாள்.

வந்துவிட்டது. வெதுவெதுப்பு. அடி வயிற்றிலிருந்து, முதுகிலிருந்து, பாதத்திலிருந்து, இருந்ததெல்லாம் திரண்டு கைக்கு ஓடியது. தோள் காலியாயிற்று. மார் காலியாயிற்று. அது குடித்தது. புரண்டது. தோலுக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தது.

பிறகு, ஒரு சின்னச் சத்தம். நகத்தால் பட்டாணித் தோலைக் கிள்ளுவது மாதிரி.

துளை. குண்டூசித் துளை.

ரத்தம் வரவில்லை. வருவதற்கு ஒன்றும் இல்லை. துளையிலிருந்து அது தலையை நீட்டியது. ஈரமாக. கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. சட்டையைக் கழற்றியது. அவள் தோலின் மேல் உட்கார்ந்து இறக்கைகளை உதறிக் காயவைத்தது. சிவந்த வயிறு. எவ்வளவு அழகு. என் கண்ணே என்று கூப்பிடப் பார்த்தாள்.

அது பறந்தது. விளக்கை ஒருதரம் சுற்றியது.

தங்கமணி திரியை ஏற்றக் குனிந்தாள். கொண்டைக்குக் கீழே பிடரி. வேர்வை.

அங்கே உட்கார்ந்தது.

தங்கமணி கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சொறிந்தாள். "கொசு" என்றாள்.

சொல்ல வேண்டும். தட்டு, தட்டிவிடு என்று சொல்ல வேண்டும். பிரகதாம்பாள் மூச்சை இழுத்தாள். மூச்சு உள்ளே போய் எதிலும் முட்டாமல் வெளியே வந்தது. சத்தம் வந்தது. பேச்சு இல்லை. குழலில் காற்று ஊதுகிற சத்தம். அந்தக் காலி முழுவதிலும் ஒரே ஒரு நினைப்பு மட்டும் நின்றது.

நான் வளர்த்த அதுவும் அவளிடமே போயிற்று.

தங்கமணி எழுந்தாள். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். குளத்துப் பக்கம் பார்த்தாள். கை இன்னும் பிடரியில்.

"அக்கா" என்றாள். குரல் வேறு எங்கிருந்தோ வந்தது. "உங்க குளத்துச் செய்க் கதிரு என்னுதைவிட நல்லா சாஞ்சிருக்கு போல."

பிடரியை மறுபடி சொறிந்தாள்.

"பத்திரத்துக்கு என்ன இப்ப அவசரம். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் திரும்பவில்லை. நட்டதுபோல நின்றாள். விளக்கு எரிந்தது. களத்திலிருந்து ஆண்களின் பேச்சுக் குரல் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. காற்று கொல்லை வழியாக நுழைந்து, மறுமுடிக் குழல்களைத் தடவி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளின் திறந்த வாயில் புகுந்து, அதே சத்தத்தை எழுப்பியது. மடியில் மல்லாந்து கிடந்த கையின் மணிக்கட்டில், வளையலுக்குக் கீழே, துளையில் செருகினாற்போல ஒரு வெள்ளைத் தோல் ஆடிக்கொண்டே இருந்தது.